வீடு பார்க்க எந்த மாதம் நல்லது?

கேள்வி: மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தள வீடு ஒன்று விலைக்கு வருகிறது. கட்டிப் பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. ஆடியில் வீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது என்கிறார் மாமியார். தை பிறக்கட்டும் என்கிறார் கணவர். தைக்குள் விலை ஏறிவிடும் என்று புரோக்கர் தினமும் போன் செய்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: மூவரும் நாளைப் பார்க்கிறார்கள் அம்மா, தண்ணீரைப் பார்க்கவில்லை. சென்னையின் ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வீட்டின் உண்மையான முகம் அப்போதுதான் தெரியும்.

நான் கட்டட வேலையில் முப்பது ஆண்டு மேற்பார்வை பார்த்தவன். கலவையைக் கையில் அள்ளிப் பார்த்தே சிமெண்ட் அளவைச் சொல்வேன் என்று பீற்றிக்கொண்டவன். 2005 வைகாசியில் வேளச்சேரியில் ஒரு தனி வீடு வாங்கினேன். பூச்சைத் தட்டிப் பார்த்தேன், கம்பிக் கணக்குக் கேட்டேன், தெருவின் மட்டத்தை மட்டும் பார்க்கவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் வாசல் வழியாகக்கூட வரவில்லை. சமையலறைச் சாக்கடைக் குழி வழியாகப் பொங்கி உள்ளே வந்தது. காலி சிலிண்டர் கூடத்தில் மிதந்தது. “வைகாசியில் பெண் பார்த்துவிட்டு வந்தீர்கள், குணம் ஐப்பசியில் தெரிகிறது” என்றாள் என் மனைவி. இன்றும் நான் ஏதாவது வாங்கி வந்தால் அந்தச் சிலிண்டர் பேச்சு வரும்.

மேடவாக்கத்துக்கு அருகில்தான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. சுற்றியுள்ள பல ஏரிகளின் உபரி நீர் அங்கே போய்த்தான் சேர வேண்டும். வழியில் கட்டடம் நின்றால் தண்ணீர் கட்டடத்துக்குள் போகும். எனவே முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் பாருங்கள். கொட்டும்போது போக வேண்டாம், அப்போது எந்தத் தெருவும் ஆறுதான். மழை விட்ட மறுநாள் காலை போங்கள். தண்ணீர் வடிந்திருக்கிறதா, லிஃப்ட் குழியில் நிற்கிறதா, சம்ப் மூடி தரையோடு தரையாக இருக்கிறதா என்று பாருங்கள். மூடி தாழ்ந்திருந்தால் சாக்கடை நீர் குடிநீரில் கலந்துவிடும். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, வீடு பள்ளத்தில் கிடப்பதும் அன்றைக்குத்தான் கண்ணில் படும்.

அதுவரை விற்பவர் காத்திருக்க மாட்டாரே என்பீர்கள். சரி, வெயில் காலத்திலேயே பார்க்க நேர்ந்தால் சாட்சிகளைத் தேடுங்கள். மின்சார மீட்டர் பெட்டியை ஆள் உயரத்துக்கு ஏற்றி மாட்டியிருக்கிறார்களா? சுவரின் கீழ் மூன்றடிக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா? அப்படியானால் அடியில் ஓதம் இருக்கிறது. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் இரண்டு சட்டையைக் கொடுத்துவிட்டு, 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். முழங்கால், இடுப்பு என்று தன் உடம்பிலேயே தொட்டுக் காட்டிவிடுவார். அவருக்குக் கமிஷன் கிடையாது.

மழையில் பார்த்தவர்கள் கோடையை விட்டுவிடக் கூடாது. 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. குடியிருப்புச் சங்கத்திடம் மே, ஜூன் மாதங்களின் லாரித் தண்ணீர்ச் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

மாமியாரிடம் ஒன்று சொல்லலாம், என் பெயரைச் சொல்ல வேண்டாம்: வாஸ்து புருஷன் கண் விழிக்கும் எட்டு மாதங்களில் ஆடியும் உண்டு என்று பஞ்சாங்கமே சொல்கிறது. தவிர, ஆடியில் வாங்க வருகிறவர்கள் குறைவு. விற்பவர் உட்கார்ந்து பேசுவார். பேரத்துக்கு அதைவிட நல்ல மாதம் நான் பார்த்ததில்லை.

கேள்வி: மார்கழியில் விலை குறைத்துத் தருகிறேன் என்கிறார் உரிமையாளர். மார்கழியில் பால் காய்ச்ச முடியாதே?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பால் காய்ச்சுவது தையில் இருக்கட்டும், விலையை மார்கழியிலேயே முடித்துவிடுங்கள். கிரைய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொண்டால் பத்திரப் பதிவைத் தையில் வைத்துக்கொள்ளலாம். முன்பணம் தருவதற்கு முன் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றும், சொத்து முன்பு கைமாறி வந்த வழியைக் காட்டும் தாய்ப்பத்திரமும் பார்த்திருக்க வேண்டும். தை முகூர்த்த நாட்களில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் கொடுத்தும் அலுவலகத்தில் நிற்க இடம் இருக்காது. ஒரு சாதாரணப் புதன்கிழமையில் நல்ல நேரம் பார்த்துப் போங்கள்.

கேள்வி: வருமான வரிக்காக மார்ச் மாதத்துக்குள் அவசரமாகப் பதிவு செய்யலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். பழைய வரி முறையில் இருப்பவருக்கு முத்திரைத்தாள், பதிவுக் கட்டணச் செலவுக்குச் சலுகை உண்டு என்பது உண்மை. ஆனால் சேமிப்புகளையும் சேர்த்து அதன் உச்சவரம்பே ஒன்றரை லட்சம்தான். சேமநல நிதிக்கும் காப்பீட்டுக்கும் நீங்கள் கட்டும் பணமே அதை நிரப்பியிருக்கும். பட்டா விற்பவர் பெயரில் இல்லை என்றும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள், சித்திரை ஆனாலும் பரவாயில்லை.