தொலைபேசியில் இயந்திரம் பேசும் காலத்தில் வாடிக்கையாளர் சேவை வேலை: கவலைப்படும் பெற்றோருக்கு

உங்கள் மகள் வாடிக்கையாளர் சேவைத் துறையில் சேர விரும்புவதாகவும், தொலைபேசியை இனி இயந்திரமே எடுத்துப் பேசப்போகிறது என்னும்போது அந்த வேலையை நம்பலாமா என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த இயந்திரத்தால் யாருக்கு என்ன நன்மை, எந்த இடத்தில் அதற்கு மனிதர் தேவைப்படுகிறார் என்பதை முதலில் தெரிந்துகொண்டால், மகளுக்கு எந்த வழியைக் காட்டுவது என்பது தெளிவாகிவிடும்.

இந்தத் தொழில்நுட்பம் நேற்று வந்ததல்ல. 1952இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் உருவான ‘ஆட்ரி’ என்ற கருவி, பழக்கப்பட்ட ஒரு குரல் சொல்லும் பத்து இலக்கங்களை மட்டுமே அடையாளம் கண்டது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் 1992இல் ஆபரேட்டர் உதவியுடன் நடந்துவந்த அழைப்புகளில், பேசும் சொல்லை இயந்திரமே அடையாளம் காணும் பேச்சறி முறையைப் புகுத்தியபோது, அதற்குத் தெரிந்தவை ஐந்தே கட்டளைகள். அந்த ஐந்தை நம்பியே ஆயிரக்கணக்கான ஆபரேட்டர் பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. இதை உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. ஒரே கேள்விக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வேலை அன்றே கைமாறத் தொடங்கிவிட்டது, இனியும் மாறும்.

நன்மை எங்கே என்பதை ஓர் அழைப்பை வைத்தே பார்க்கலாம். அனுப்பிய பார்சல் வந்து சேரவில்லை என்று ஒருவர் நள்ளிரவில் அழைக்கிறார். பழைய முறையில் ‘இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும்’ என்ற பட்டியல் முழுவதையும் கேட்டு, பிறகு இசையையும் கேட்டுக்கொண்டு அவர் காத்திருக்க வேண்டும். குரல்வழி முறையில், ‘பார்சல் இன்னும் வரலீங்க’ என்று தம் வழக்கிலேயே அவர் சொன்னால் போதும். எதற்காக அழைத்தார் என்பதைப் புரிந்துகொண்டு, பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, பார்சல் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். பார்வையற்றவர்கள், எழுதப்படிக்கத் தெரியாதவர்கள், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஆகியோருக்கு இது வசதி மட்டுமல்ல, பிறர் உதவியின்றித் தாமே காரியத்தை முடித்துக்கொள்ளும் வழியும்கூட. ஒரே நேரத்தில் பலர் அழைத்தாலும் வரிசை நீளாது. பார்சல் உடைந்து வந்திருக்கிறது, பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பேச்சு சிக்கலானால், அதுவரை கேட்ட விவரங்களோடு அழைப்பை ஒரு பணியாளரிடம் ஒப்படைப்பதே நல்ல அமைப்பு. அழைத்தவர் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை, பணியாளரும் எண்களைக் கேட்டு எழுதுவதில் நேரம் இழக்காமல் நேராகப் பிரச்சினைக்கு வரலாம். மனிதரிடம் போக வழியே விடாத அமைப்பு எத்தனை செலவைக் குறைத்தாலும் அதை நான் சேவை என்று சொல்லமாட்டேன்.

இவ்வளவும் தானாக நடந்துவிடுவதில்லை, உங்கள் மகளுக்கு வேலை இருப்பதும் இங்கேதான். வழக்கமான தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (ஒலியின் அதிர்வெண்ணை அளக்கும் அலகு) வரையிலான ஒலியை மட்டுமே கடத்தி, அதற்கு மேற்பட்டதை விட்டுவிடுவதால், ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற ஒலிகளைப் பிரித்தறிவது கடினம். ‘டபுள் த்ரீ’ என்று சொல்பவர்கள் உண்டு; நான்கு இலக்கம் சொல்லிவிட்டு ரசீதைத் தேடுபவர்களும் உண்டு. அந்த இடைவெளியைப் பேச்சு முடிந்ததாக இயந்திரம் எடுத்துக்கொண்டால் அழைப்பே குழம்பிவிடும். அதனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, எதை மறுபடி உறுதிசெய்வது, எந்தச் சொற்களில் கேட்பது, எந்தக் கட்டத்தில் ஆளிடம் மாற்றுவது என்று தீர்மானிக்கும் உரையாடல் வடிவமைப்பாளர்கள் தேவைப்படுகிறார்கள். பதிவான அழைப்புகளைக் கேட்டு, புரியாமல் போன இடங்களைக் குறித்துத் தருபவர்கள், பல வட்டார வழக்குகளில் பேசிச் சோதிப்பவர்கள், சிக்கலான புகார்களைக் கையாளும் மூத்த பணியாளர்கள் ஆகியோரும் வேண்டும். மொழியில் தேர்ந்தவர்களுக்கும், பிறர் பேச்சைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்களுக்கும் பொறியியல் பட்டம் இல்லாமலேயே இவற்றுள் சில கதவுகள் திறக்கின்றன.

ஆகவே, வேண்டாம் என்று தடுக்காதீர்கள். தொடக்கத்தில் அழைப்புகளை நேரடியாக எடுக்கும் வேலையிலேயே அவர் சேரட்டும். வாடிக்கையாளர் உண்மையில் எப்படிப் பேசுவார், எந்த இடத்தில் கோபப்படுவார் என்ற அறிவு வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அதிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட வேண்டாம். வேலையோடு சேர்த்து மொழியியலின் அடிப்படைகள், அட்டவணை மென்பொருளில் தரவைப் பகுத்தல், எளிய நிரலாக்கம் ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளட்டும். நேர்முகத் தேர்வில் இரண்டு கேள்விகளை அவரே கேட்கட்டும்: இங்கே எந்த அழைப்புகள் இயந்திரத்துக்குப் போகின்றன, அந்த அமைப்பைச் சரிபார்க்கும் குழுவுக்கு அழைப்பு எடுப்பவர்கள் மாற முடியுமா? இரண்டாவது கேள்விக்கு முடியும் என்று பதில் வரும் நிறுவனத்தை, சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும், அவர் தேர்ந்தெடுக்கலாம்.