பெற்றோருக்கே போன் சரியாகத் தெரியாத தோட்ட வீட்டில், பிள்ளைகளை எப்படிக் கவனிப்பது?

கேள்வி கேட்டவர் சொல்லும் நிலைமை இது: இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன். அதைப் பற்றிப் பிள்ளைக்குத் தெரிந்ததில் பாதிகூடப் பெற்றோருக்குத் தெரியாது. பிறகு எப்படிக் கண்காணிப்பது?

நான் பொகவந்தலாவைப் பக்கம் சின்னதாக ஒரு போன் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்றுவது, ரீலோட் போடுவது, கவர் விற்பது. கவுன்டருக்குப் பின்னால் நின்று பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் ஆலோசனையில் முக்கால்வாசி, ஆளுக்கொரு போன் இருக்கிற வீட்டுக்கு எழுதியது. கூகுளின் ஃபேமிலி லிங்க் நல்லதுதான். 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கணக்கை உங்கள் கணக்கோடு இணைத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எந்த ஆப், ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டு என்றெல்லாம் வைக்கலாம். ஆனால் அதற்குப் பிள்ளை கையில் ஒரு போன், உங்கள் கையில் ஒரு போன் வேண்டும். நம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) நடப்பது வேறு. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிற அம்மா, மழையில் நனைந்துவிடும் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அவர் கொழுந்து நிறுத்துத் திரும்பும் வரை அந்தப் போன் யாருடையது?

இது 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது ஆரம்பித்தது. அதுவரை பட்டன் போன் போதும் என்றிருந்த வீடுகள், பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது என்று கடன்பட்டு ஸ்மார்ட் போன் வாங்கின. சிக்னல் கிடைக்கிற மேடு தேடி, குடையும் கையுமாகப் பிள்ளைகள் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் போன் பிள்ளை கையிலேயே தங்கிவிட்டது. பெரியவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு அக்கா கடைக்கு வந்தார். "தம்பி, ரீலோட் போட்டா மறுநாளே காசு தானா வெட்டுப்படுது" என்றார். பார்த்தால் ராசிபலன், கிரிக்கெட் செய்தி என்று மூன்று சேவைகள் தினமும் பேலன்ஸில் கை வைத்துக்கொண்டிருந்தன. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டிருக்கிறது, ஒன்பது வயது மகன் ஓகே அழுத்தியிருக்கிறான். அந்த அக்கா ஞாயிறு வீரகேசரியை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். ஆனால் போன் முழுக்க ஆங்கிலம். வங்கியில் இருந்து வரும் மெசேஜைக்கூட மகன்தான் வாசித்துச் சொல்கிறான். ஒரு காலத்தில் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலை நாள், சம்பளப் பதிவேட்டில், என்ன எழுதியிருக்கிறது என்று கணக்கப்பிள்ளை சொன்னதுதான் கணக்கு. இப்போது அந்த வீட்டில் மகன்தான் கணக்கப்பிள்ளை.

அதனால் நான் யாருக்கும் முதலில் சொல்வது, போனைத் தமிழுக்கு மாற்றுங்கள் என்பதுதான். செட்டிங்ஸில் மொழிகள் பகுதியில் தமிழைத் தேர்ந்தால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடும் கேட்கும். இரண்டு நிமிட வேலை. பிள்ளை முகத்தைச் சுளிப்பான், "அசிங்கமா இருக்கு" என்பான். சுளிக்கட்டும். வாசிக்கத் தெரிந்த அம்மாவுக்கு வாசிக்க முடிகிற போன் வேண்டும். எந்தப் பூட்டு ஆப்பும் அதற்குப் பிறகுதான்.

ஒரே போன் உள்ள வீட்டுக்கு உதவும் இன்னொரு வசதி, ஆப் பின்னிங். சில மொடல்களில் ஸ்கிரீன் பின்னிங் என்று இருக்கும். செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் இதை இயக்கி, வெளியே வரப் பின் நம்பர் கேட்கும்படி வைத்துவிட்டால், நீங்கள் திறந்து கொடுத்த பாடத்தை விட்டுப் பிள்ளை வேறு ஆப்புக்குப் போக முடியாது. பின் நம்பர் உங்கள் பிறந்த வருசமாக இருக்கக் கூடாது. அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள். பிளே ஸ்டோரில் வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கச் செய்வது, யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துவது எல்லாம் எந்தக் கடையிலும் செய்து தருவார்கள்.

இவ்வளவு சொல்கிற நான் என் வீட்டில் கோட்டை விட்டவன்.

மகள் தரம் 7 படிக்கும்போது அவள் அம்மாவின் போனில் சுடுகிற கேம் ஒன்று விளையாடுவாள். அதில் பழக்கமான ஒருவன், "டைமண்ட் ஃப்ரீயா போட்டு விடுறேன், நம்பரைக் குடு, வர்ற ஆறு இலக்கத்தைச் சொல்லு" என்றிருக்கிறான். டைமண்ட் என்பது அந்தக் கேமுக்குள் செலவழிக்கிற காசு மாதிரி. சொல்லிவிட்டாள். அந்த ஆறு இலக்கம் வாட்ஸ்அப்பின் உறுதிக் குறியீடு. அரை மணி நேரத்தில் கொழும்பில் இருக்கிற மச்சானுக்கு என் மனைவி பெயரில் "அவசரமா 15,000 அனுப்புங்க" என்று மெசேஜ். நல்ல வேளை, அவர் எனக்குப் போன் எடுத்துக் கேட்டார். (இப்படி நடந்தால் உங்கள் நம்பரையே மறுபடி வாட்ஸ்அப்பில் பதிந்து, புதிதாக வரும் குறியீட்டைப் போடுங்கள், அவன் தானாக வெளியேறிவிடுவான். அதற்குள் அவன் இருபடிச் சரிபார்ப்பு என்ற கூடுதல் பூட்டுக்கு ஒரு பின் நம்பர் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். அதனால் அந்தப் பின்னை இன்றைக்கே நீங்கள் போட்டு வையுங்கள்.)

நான் கத்தினேன். ஒரு மாசம் போனைத் தொடக் கூடாது என்றேன். கெட்டிக்கார அப்பா என்று எனக்கே ஒரு நினைப்பு. சில மாசம் கழித்து வேறொருவன் அதே கேமில் அவளிடம் படம் கேட்டிருக்கிறான். அவள் அனுப்பவில்லை, ஆனால் என்னிடம் சொல்லவும் இல்லை. பெரியம்மா மகளிடம்தான் சொல்லியிருக்கிறாள். ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அப்பா போனைப் புடுங்கிருவாரு" என்றாளாம்.

அன்றைக்கு வீட்டில் ஒரு பேச்சு முடிவானது. என்ன தப்பு நடந்திருந்தாலும், தானாக வந்து சொன்னால் போனைப் பறிக்க மாட்டேன், அடிக்க மாட்டேன். மறைத்து, நானாகக் கண்டுபிடித்தால் கதை வேறு. சொல்வது சுலபம், அவள் வந்து சொல்லும்போது கையை ஓங்காமல் இருப்பதுதான் கஷ்டம். அந்த நேரத்தில் நான் ஒரு பழைய போனைக் கழற்றிக்கொண்டே கேட்பேன்.

இன்னொரு வீடு. அம்மா குவைத்தில் வீட்டு வேலை, பையன் அப்பாயியோடு. அப்பாயி போனைக் கவுன்டரில் வைத்து, "இத ஒடச்சுப் போடு தம்பி, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் இதுலயே கெடக்கான்" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா எத்தனை மணிக்குப் பேசுவார் என்று கேட்டேன். "பதினொன்றரைக்கு" என்றான். குவைத் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே ஒன்பதுக்கு வேலை முடிந்து அவர் பேசும்போது இங்கே பதினொன்றரை. பையன் அம்மாவுக்காக முழித்திருக்கிறான், முழித்திருக்கிற நேரத்தில் கேம். அந்தப் போனை உடைத்தால் யாரை உடைக்கிறோம்?

கடையில் இருந்தே அந்த அம்மாவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினோம். அவர் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு, அங்கே மாலை நாலு மணிக்குக் கால் மணி நேரம் வாங்கினார். இங்கே ஆறரை. இப்போது ஒன்பது மணிக்குப் போன் சாமிப் படத்துக்குக் கீழே சார்ஜில் போய்விடுகிறது. கேம் நின்றதா? இல்லை. ஆனால் ஒன்பதோடு நிற்கிறது.

மிரட்டல் வரை போய்விட்டால் (படத்தை வைத்துக்கொண்டு காசு கேட்பது, இன்னும் படம் கேட்பது) காசு அனுப்பாதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1929-க்குப் பேசுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், கட்டணம் இல்லை. லயத்தில் இந்தக் காம்பராவில் (அறையில்) இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். மானம் போய்விடும் என்ற பயத்தில்தான் பல வீடுகள் வாய் திறப்பதில்லை. தோட்டத்தில் ஒருவருக்கும் சொல்லாமலே அந்த நம்பருக்குப் பேசலாம். பிள்ளைக்கும் அதை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு மனக்குறையும் உண்டு. புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்த அன்று பிள்ளையின் முழுப் பெயர், பள்ளிக்கூடம், சுட்டெண்ணோடு படத்தை பேஸ்புக்கில் போடுவது நாம்தான். முன்பின் தெரியாதவர்களிடம் விவரம் சொல்லாதே என்று மறுநாள் அந்தப் பிள்ளைக்கே புத்தி சொல்வதும் நாம்தான்.

அந்த வீரகேசரி அக்கா போன சம்பள நாளில் மறுபடி வந்தார். "தமிழ்ல இருக்கு, எல்லாம் வெளங்குது தம்பி. எதத் தொட்டாலும் 'அனுமதி', 'அனுமதிக்க வேண்டாம்'னு ரெண்டு கேக்குது. நான் எல்லாத்துக்கும் வேணாம்னே குடுத்துட்டேன். இப்ப கேமராவே தெறக்க மாட்டேங்குது" என்றார்.

கேமராவுக்கு மட்டும் திறந்து கொடுத்தேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றேன்.