ஒரு நூல் சாய்வு

அன்புள்ள ஐயா,

கட்டடங்களும் நிலக்காட்சிகளும் எடுக்கிறேன். அண்மையில், சென்சார் காண்பதையே திரையில் காட்டும் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினேன். சாய்க்கவும் (டில்ட்) நகர்த்தவும் (ஷிப்ட்) முடிகிற கேனான் 24 மிமீ டில்ட்-ஷிப்ட் லென்ஸ், 2009-இல் வந்த இரண்டாம் பதிப்பு, கைவசம் இருக்கிறது. அதையே அடாப்டர் போட்டு வைத்துக்கொள்ளலாமா, புதிய கேமராவின் ஆர்எஃப் மவுண்டுக்கென்று (லென்ஸ் மாட்டும் வாய்க்கென்று) ஒன்று வரும்வரை காத்திருக்கலாமா? கட்டடங்களின் சாய்ந்த கோடுகளை மென்பொருளே நிமிர்த்திவிடும் என்கிறார்கள் நண்பர்கள். டில்ட்டை நான் ஊரைப் பொம்மை போலக் காட்ட மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

காத்திருக்க வேண்டாம். பழைய இஎஃப் மவுண்டிலிருந்து சென்சாருக்கு 44 மிமீ, ஆர்எஃப்பில் 20. மீதி 24 மிமீயை அடாப்டர் என்ற வெறும் குழாய் நிரப்புகிறது. நடுவில் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை, தரம் குறைய வழியும் இல்லை. மென்பொருள் நிமிர்த்தும்தான், மேல்பகுதியை இழுத்து விரித்து, ஓரங்களை வெட்டித்தான் நிமிர்த்தும். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை.

உங்கள் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. இத்தனை நல்ல லென்ஸை வைத்துக்கொண்டு பொம்மை ஊரா எடுத்துக்கொண்டிருந்தீர்கள்? கோபம்தான் வருகிறது. அது டில்ட்டைத் தலைகீழாகப் பயன்படுத்துவது; கூர்மையைப் பரப்ப வேண்டிய சாய்வால் கூர்மையைக் குறுக்குவது.

வேலை பழகிய காலத்தில், பெரிய ஃபிலிம் தாள் போடும் கேமரா வைத்திருந்த ஒருவரிடம் உதவியாளாக இருந்தேன். ஒருநாள் கறுப்புத் துணிக்குள் என்னையும் கூப்பிட்டார். சொரசொரப்புக் கண்ணாடியில் தலைகீழான பிம்பம். காலடிக் கூழாங்கற்கள் தெளிவு, தூரத்து மலை மங்கல். லென்ஸ் பலகையை முன்பக்கம் சாய்த்தார். ஒரு நூல், மிஞ்சிப்போனால் இரண்டு நூல். போகஸை லேசாகத் திருத்தினார். கல்லிலிருந்து மலையடிவாரம் வரை தரை முழுக்கக் கூர்மையாகிவிட்டது. லென்ஸின் துளையான அப்பெர்ச்சரைத் தொடவே இல்லை! மூச்சு நின்றதுபோல இருந்தது எனக்கு.

லென்ஸின் தளமும் ஃபிலிமின் தளமும் ஒரு கோட்டில் சந்தித்தால், கூர்மையின் தளமும் அதே கோட்டில் வந்து சேரும். வான்படங்களின் கோணலைத் திருத்த முனைந்த ஆஸ்திரிய ராணுவ கேப்டன் தியோடோர் ஷைம்ஃப்லூக்கின் 1904 காப்புரிமையோடு அந்த விதி அவர் பெயரில் நிலைத்தது. எனக்கு அதைச் சொல்லித்தந்தது துணிக்குள் இருந்த இருட்டு.

பிறகு எஸ்எல்ஆர் கேமராவுக்கு டில்ட் லென்ஸ் வாங்கினேன். சாய்க்கச் சாய்க்கக் கூர்மை கூடும் என்று நம்பி, முழுக்கச் சாய்த்து ஒரு வேலை முழுவதையும் எடுத்தேன். அந்தச் சின்ன வ்யூஃபைண்டரில் தவறு தெரியவில்லை. ஒரு படம்கூடத் தேறவில்லை. இன்றும் வலிக்கிறது.

கணக்கு எளிது. லென்ஸின் குவியத் தூரத்தை (உங்களுடையதில் 24 மிமீ), தரையிலிருந்து லென்ஸ் இருக்கும் உயரத்தால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் சைன் கிடைக்கும். உங்கள் 24 மிமீ லென்ஸ் தரைக்கு 1.5 மீட்டர் மேலே இருந்தால் தேவை சுமார் 0.9 டிகிரி. அந்த லென்ஸ் 8.5 டிகிரி வரை சாயும். புரிகிறதா? நீங்கள் கடைசிவரை திருகிய அந்தக் குமிழை, முதல் கோட்டைத் தொடும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு டிகிரிக்கும் குறைவானதைக் கண் எப்படிப் பார்க்கும்? இதற்குத்தான் மிரர்லெஸ். படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி முதலில் கல்லைப் பாருங்கள், அப்புறம் மலையைப் பாருங்கள். தொலைவு மங்கினால் போகஸ் வளையம், அருகு மங்கினால் சாய்வு. மாறி மாறி மூன்று நான்கு முறை. கறுப்புத் துணிக்குள் பார்த்த அந்தச் சொரசொரப்புக் கண்ணாடிதான் திரும்பி வந்திருக்கிறது, இம்முறை நிமிர்ந்த பிம்பத்தோடு. ஆனால் பக்கத்தில் உயரமான தூணோ மரமோ இருந்தால் சாய்க்காதீர்கள், உச்சி மங்கிவிடும். கூர்மை அருகே மெலிந்தும் தொலைவில் தடித்தும், ஆப்பு போலத்தான் விழும்.

சரி, ட்ரைபாடை எடுங்கள். நீண்ட வெறுந்தரை ஒன்றின் முன் நில்லுங்கள். சாய்வு சுழியில் ஒன்று, 0.9-இல் ஒன்று, இரண்டும் எஃப் 5.6 அப்பெர்ச்சரில். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்.