மூன்று நாளானால் கனுலாவைக் கட்டாயம் மாற்ற வேண்டுமா?

"எலிக்காய்ச்சலோட அப்பா வாட்டில. கை வீங்கேல்லை, நோவும் இல்லை, மருந்தும் ஏறுது. பிறகேன் மிஸ் நாலாம் நாள் கழட்டி மற்றக் கையில குத்தினவ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வன்னியில் வாட்டு வேலை செய்கிற தாதி நான். குத்தினவளின் பக்கமும் தெரியும்.

கனுலா என்பது மருந்து ஏற்றக் கை நரம்புக்குள் (இரத்தக் குழாய்க்குள்) விட்டுவைக்கிற மெல்லிய குழாய். அது கிடக்கிற நாள் கூடக் கூட அந்த நரம்பில் அழற்சி கூடுகிறது என்ற பழைய அவதானிப்பில் வந்ததுதான் இந்த மூன்று நாள் கணக்கு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் 2011 வழிகாட்டலைப் பாருங்கள். வளர்ந்தவர்களுக்கு 72 - 96 மணித்தியாலத்துக்கு முன் மாற்றத் தேவையில்லை என்றுதான் அதில் இருக்கிறது. நாங்கள் அதை "அதற்குப் பிறகு மாற்றியே ஆகவேண்டும்" என்று வாசித்துப் பழகிவிட்டோம். சிறுபிள்ளைகளுக்கோ, தேவை வந்தால் மட்டும் மாற்று என்கிறது அதே வழிகாட்டல்.

அடுத்த வருடமே அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3 ஆஸ்பத்திரிகளில் 3283 பேரிடம் செய்த ஆய்வு லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. மூன்றாம் நாள் மாற்றியவர்களிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிலும் அழற்சி ஒரே அளவு, 7 சதவீதம். அப்படியென்றால் உங்கள் அப்பாவுக்கு அந்தக் குத்து வீண்தானே?

அவசரப்படாதீர்கள். ஜெனீவாவின் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி 2018 இல் நாள் கணக்கைக் கைவிட்டது. இரத்தத்தில் கிருமி ஏறியவர்கள் அப்போதும் சிலரே, ஆனாலும் முன்பைவிடப் பல மடங்கு. அடுத்த வருடமே பழைய விதிக்குத் திரும்பினார்கள்.

குயின்ஸ்லாந்தில் நடந்தமாதிரி ஆய்வில் கையைப் பார்க்கிறதற்கென்றே ஆள் நிற்கும் என்பது என் எண்ணம். எங்கள் வாட்டில் இரவில் ஒருத்தி எத்தனை கட்டிலைப் பார்ப்பாள்? அதோடு, வயல் வெயிலில் கறுத்த கையில் சிவப்பு இலேசில் தெரியாது. தொட்டுத்தான் பார்க்கவேண்டும்: சூடு இருக்கிறதா, நரம்பு கயிறுமாதிரித் திரண்டிருக்கிறதா என்று. பார்க்க ஆளிருந்தால் நாள் கணக்குத் தேவையில்லை. இல்லாத இடத்தில் அதை நான் குறை சொல்லமாட்டேன்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். மருந்து நிற்பாட்டிய பிறகும் "இருக்கட்டும், தேவைப்படும்" என்று விட்டுவைக்கிற கனுலா. ஒருமுறை ஒரு ஐயாவுக்கு அப்படி இரண்டு நாள் சும்மா கிடந்தது, நானும்தான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பக் கழட்டினால் சீழ். காய்ச்சலுக்கு வந்த மனிசன் கைக்காக இன்னொரு கிழமை படுத்தார்.

பிளாஸ்டரில் போட்ட திகதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவுக்கு வாயால் மருந்து தொடங்கினவுடனே, "மிஸ், இது இனித் தேவையோ?" என்று கேளுங்கள். நாங்கள் முகம் சுழித்தாலும் கேளுங்கள்.