"அந்தக் குளிசை குடித்தால் பிறகு பிள்ளையே தங்காது" என்று சொல்லலாமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பங்கில் மறையாசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் 22 வயதுப் பிள்ளை ஒருத்தி ஒன்பது வாரக் கர்ப்பம். கலியாணம் ஆகவில்லை. பொடியன் இப்போது போன் எடுப்பதில்லை. வவுனியாவில் யாரோ கருவைக் கலைக்கக் குளிசை தருகிறார்களாம், என்னைக் கூட வரச் சொல்லிக் கேட்கிறாள். "அதைக் குடித்தால் பிறகு பிள்ளையே தங்காது, எனக்குத் தெரிந்த ஒருத்தி செத்தும் போனாள்" என்று சொல்லித் தடுக்க நினைத்தேன். உண்மையில் அப்படி யாரையும் எனக்குத் தெரியாது. பாதர், பொய் பொய்தான் என்கிறார். தமிழ் ரீச்சர் திருக்குறளைக் காட்டிச் சொல்லலாம் என்கிறா. இன்னொன்று: நானே கர்ப்பிணி மாதிரி நடித்து, குளிசை தரும் ஆளுக்குப் போன் எடுத்துப் பதிவு செய்து பொலிசில் கொடுக்கலாமா? அவளுடைய அம்மா என்னிடம் வந்து கேட்டால் என்ன சொல்வது?

பதில்: ரீச்சரிடமிருந்தே தொடங்குவோம். அவ காட்டியது 292ஆவது குறளாகத்தான் இருக்கும். "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கு மெனின்." இதைப் பிடித்துக்கொண்டு பொய்க்கு அனுமதி கேட்பவர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுவார்கள். குற்றமே இல்லாத நன்மையைத் தந்தால்தான் என்பது வள்ளுவர் வைத்த நிபந்தனை. உங்கள் பொய் அந்தப் பிள்ளையின் கையிலிருக்கும் போனுக்கு முன்னால் எத்தனை நாள் நிற்கும்? இரவு படுக்கையில் கிடந்தபடி தேடிப் பார்ப்பாள். அல்லது தொழிற்சாலையில் பக்கத்து மெஷின்காரி, "எனக்கு அப்படிச் செய்து பிறகு இரண்டு பிள்ளை" என்பாள். அந்த நிமிடத்தோடு நீங்கள் முடிந்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. இதில் புரைதீர்ந்த நன்மை எங்கே இருக்கிறது?

இதில் எனக்குச் சொந்தக் கோபமும் உண்டு. சொல்ல வேண்டிய உண்மையே நிறைய இருக்க, எதற்குப் பொய்? ஒருமுறை கலைத்தால் பிறகு தங்காது என்பது பொதுவாகச் சரியில்லை. ஆனால் யாரோ ஒருவர் பொட்டலத்தில் மடித்துத் தரும் குளிசை என்ன, எத்தனை மில்லிகிராம் என்று அவளுக்குத் தெரியாது. கடும் இரத்தப்போக்கு வரலாம். கிருமி தொற்றிக் கருக்குழாய்வரை போனால் பிற்காலத்தில் பிள்ளை தங்குவது கஷ்டமாகலாம். இன்னொன்றைப் பலர் சொல்வதில்லை: கர்ப்பம் கருப்பைக்குள் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் அந்தக் குளிசை அதற்கு ஒன்றும் செய்யாது, குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. எங்கே தங்கியிருக்கிறது என்பதை ஸ்கான் செய்துதான் அறியலாம். அவள் என்ன முடிவெடுத்தாலும் முதலில் வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். உங்களுக்கு மாஞ்சோலை வைத்தியசாலை இருக்கிறது.

ஸ்கானில் இதயம் துடிப்பது தெரியும். ஒன்பது வாரத்தில் அந்தச் சீவன் ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர், ஒரு பெருவிரல் நுனியளவு. சில கருத்தரங்குகளில் உள்ளங்கை நிறைய ஒரு பிளாஸ்ரிக் பொம்மையைத் தூக்கிக் காட்டி, பத்து வாரத்தில் இப்படித்தான் இருக்கும் என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வாரத்திலேயே ஐந்து, ஐந்தரை சென்ரிமீற்றர்தான். பெருவிரல் நுனியளவில் இருப்பதும் மனித உயிர் என்பதுதானே நம் விசுவாசம். பிறகு எதற்கு அதைப் பெருப்பித்துக் காட்ட வேண்டும்?

சரி, திருச்சபை என்ன சொல்கிறது? கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2482ஆம் பத்தி, புனித அகுஸ்தினாரைப் பின்பற்றி, ஏமாற்றும் நோக்கத்தோடு பொய்யானதைப் பேசுவதே பொய் என்கிறது. அடுத்த பத்தியில் ஒரு கதை இருக்கிறது. 1992இல் வந்த முதல் பதிப்பில், 'உண்மையை அறிய உரிமையுள்ள' ஒருவரைத் தவறாக நம்பவைப்பது பொய் என்று இருந்தது. 1997இன் அதிகாரபூர்வ இலத்தீன் பதிப்பில் அந்த 'உரிமையுள்ள' என்ற சொற்களை எடுத்துவிட்டார்கள். ஆகவே, "அவளுக்கு உண்மை கேட்க உரிமையில்லை, அதனால் இது பொய்யில்லை" என்று வாதிட அங்கே இடம் குறைந்துவிட்டது. உங்கள் விசயத்தில் அந்த வாதம் எப்படியும் நிற்காது. தன் உடம்பைப் பற்றிய உண்மையைக் கேட்க அவளைவிட யாருக்கு உரிமை?

விடுதலைப் பயண நூலில் சிப்ரா, பூவா என்ற மருத்துவிச்சிகள் பார்வோனிடம் பொய் சொல்லி எபிரேயக் குழந்தைகளைக் காப்பாற்றினார்களே, கடவுளும் அவர்களுக்கு நன்மை செய்தாரே என்று கேட்பீர்கள். கடவுள் அவர்களுடைய இரக்கத்துக்குப் பரிசளித்தார், பொய்க்கு அல்ல என்பது அகுஸ்தினாரின் விடை. புனித தோமா அக்குவினார், ஒருவரைக் காக்கச் சொல்லும் பொய்யும் பாவமே, ஆனால் ஆன்மாவைக் கொல்லும் சாவான பாவம் அல்ல என்கிறார்.

வன்னியில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது என் மனம் வேறொரு இடத்துக்குப் போகிறது. யுத்தத்தின் கடைசிக் காலத்தில் பிள்ளையைப் பதுங்குகுழிக்குள் இறக்கி மேலே ஓலையைப் போட்டுவிட்டு, போருக்கு ஆள் பிடிக்க வாசலில் வந்து நின்றவர்களிடம் "வீட்டில இல்லை" என்று சொன்ன தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். பிடித்துக்கொண்டு போகாமல் இருக்க, கலியாணமே ஆகாத பிள்ளைக்குத் தாலி கட்டி விட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். ஆனால் உங்கள் நிலை அதுவல்ல. அந்தத் தாய் பொய் சொன்னது பிள்ளையைப் பறிக்க வந்தவரிடம். நீங்கள் சொல்லப்போவது உங்களை நம்பி வந்தவளிடம்.

அடுத்தது போன் நாடகம். இது புதுக் கேள்வியில்லை. 420ஆம் ஆண்டளவில் கொன்சென்சியுஸ் என்பவர், திருச்சபை தவறெனத் தள்ளிய பிரிசில்லியக் கொள்கையினரைக் கண்டுபிடிக்க அவர்களைப் போலவே நடிக்கலாமா என்று அகுஸ்தினாரிடம் கேட்டார். கூடாது என்று ஒரு நூலே எழுதிப் பதில் அனுப்பினார் அவர். 2011இல் அமெரிக்காவில் 'லைவ் அக்சன்' என்ற அமைப்பு நடிகர்களைக் கருக்கலைப்பு நிலையங்களுக்கு அனுப்பி இரகசியமாகப் படம் பிடித்தபோது இதே சண்டை திரும்ப வந்தது. கத்தோலிக்க மெய்யியலாளர்களுக்குள்ளேயே கிறிஸ்தோபர் டொலெப்சன் அது தவறு என்றார், பீட்டர் கிரீஃப்ட் சரி என்றார். நான் டொலெப்சன் பக்கம். அதைவிட உங்களுக்கு முக்கியமானது நம் நாட்டுச் சட்டம். 1883இன் தண்டனைச் சட்டக் கோவையில் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருவைக் கலைப்பது குற்றம். தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணும் அதற்குள் வருகிறாள். குளிசைக்காரனைப் பிடிக்க விரித்த வலையில் இந்தப் பிள்ளையே விழலாம். அதனால் போனைக் கீழே வையுங்கள்.

நடிக்காமல் மறைப்பது வேறு. ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், யோசப் வாஸ் அடிகளார் குருவுடை இல்லாமல் கூலிக்காரன் கோலத்தில் வந்து இறங்கி, யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரனாக வீடு வீடாகத் திரிந்தார். கழுத்தில் செபமாலை மட்டும் தொங்கியது. தெரிந்தவன் கண்டுகொள்ளட்டும் என்று. 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலையில் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்திவிட்டு, பின்னேரம் மடுவுக்கு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உண்மையை விவேகத்தோடு மறைத்து வைக்கலாம் என்று அக்குவினாரும் சொல்கிறார்.

அம்மாவின் கேள்விக்கும் விடை அங்கேதான். உண்மையை அறிய உரிமையில்லாதவருக்கு அதைச் சொல்ல யாரும் கடமைப்பட்டவர் அல்ல என்கிறது 2489ஆம் பத்தி. "இல்லை" என்று சொல்லாதீர்கள். "அதை நீங்கள் பிள்ளையிட்டத்தான் கேக்க வேணும் அம்மா" என்று சொல்லுங்கள். ஆனால் நம் தாய்மார் விவரமானவர்கள், நீங்கள் வாய் மூடினாலே விளங்கிவிடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. யாரைப் பற்றி யார் கேட்டாலும், கலியாணப் பேச்சோ கடனோ எதுவென்றாலும், "மற்ற ஆக்களின்ர விசயம் நான் கதைக்கிறதில்லை" என்று இன்றிலிருந்தே சொல்லிப் பழகுங்கள். எப்போதும் சொல்கிறவர் அன்றைக்கும் அதையே சொன்னால் சந்தேகம் வராது. கூடவே, அம்மாவிடம் தானே சொல்ல அந்தப் பிள்ளையைத் தயார்ப்படுத்துங்கள், பக்கத்தில் நீங்கள் இருப்பதாகச் சொல்லி.

நீங்கள் கேட்காத ஒரு பொய்யும் இருக்கிறது. "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்." நானே அதைச் சொல்லி மாட்டியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளையிடம், இன்ன இல்லத்தில் பிரசவம் வரை வைத்திருப்பார்கள் என்று, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே உறுதி கொடுத்தேன். கார்த்திகை மழையில் அவள் ஒரு உடுப்புப் பையோடு அந்த வாசலில் நின்றபோது உள்ளே இடமில்லை. அவளுடைய பெரியம்மா ஒருவர் சேர்த்துக்கொண்டதால் குழந்தை பிறந்தது. தாய் என்னோடு பிறகு கதைக்கவில்லை. குழந்தையின் திருமுழுக்குக்கும் கூப்பிடவில்லை. அது நியாயம்தான்.

ஆகவே, விசாரித்து வைத்திருப்பதை மட்டும் சொல்லுங்கள். மிட்வைஃப்பிடம் பதிந்தால் கிளினிக், சத்து மாத்திரை, திரிபோஷா என்ற சத்துமா கிடைக்கும். தொழிற்சாலையில் சம்பளத்தோடு 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு, தாலி இருக்கிறதா என்று சட்டம் கேட்பதில்லை. பிள்ளையை வளர்க்க முடியாது என்றால் நீதிமன்றத்தின் ஊடாகத் தத்துக் கொடுக்கலாம், நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் விசாரியுங்கள். கைமாற்றாகக் கொடுக்கச் சொல்லி வரும் தரகர்களை அண்டவிடாதீர்கள்.

"கலைத்தால் கோயிலால் தள்ளி வைப்பார்கள், மன்னிப்பே இல்லை" என்று வெருட்டுவதும் பொய். திருச்சபைச் சட்டத்தில் விலக்குத் தண்டனை இருக்கிறது. ஆனால் கடும் பயத்தால் செய்தவரையோ, அப்படியொரு தண்டனை இருப்பதே தன் குற்றமின்றித் தெரியாதவரையோ அது தானாகப் பிடிப்பதில்லை. 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை நிலையாகக் கொடுத்தார். அவள் உங்கள் பேச்சைக் கேட்காமல் போனாலும், திரும்பி வர வழி அடைபட்டுவிட்டது என்று நினைக்க விடக்கூடாது.

கடைசியாக வவுனியாப் பயணம். போகாதீர்கள், போகாததற்குச் சாட்டும் சொல்லாதீர்கள். காய்ச்சல், கோயில் கூட்டம் என்று ஒன்றும் வேண்டாம். "அந்த இடத்துக்கு நான் வரமாட்டன், அது ஒரு பிள்ளை என்று நான் நம்புறன். கிளினிக்குக்கு எத்தனை தரம் எண்டாலும் வாறன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதையும் மீறி அவள் குளிசையைக் குடித்து இரத்தம் கூடப் போனால், ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பாட் நனைந்தால், காய்ச்சலோ தலைச்சுற்றோ வந்தால், யோசிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். என்ன குளிசை, எப்போது, எத்தனை என்று டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அந்த இரவில் அவள் கூப்பிட நினைக்கும் முதல் ஆள் நீங்களாக இருக்க வேண்டும். போனை சைலன்ற்றில் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள், தங்கச்சி.