கிட்டத்தில் ஒரு பூ, ஒரு பூச்சி: கேமரா கேள்வி–பதில்

கேள்வி: நிக்கான் டி3200 கேமராவும் அதோடு வந்த 18–55 மி.மீ. ஜூம் லென்ஸும் வைத்திருக்கிறேன். எறும்பு, தேனீயையெல்லாம் முகம் தெரிய எடுக்க ஆசை. மிகக் கிட்டத்தில் எடுக்கிற மேக்ரோ லென்ஸ் விலை கட்டுப்படியாகாது. வேறு வழி உண்டா? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பதில்: உண்டும்மா. இருக்கிற லென்ஸையே திருப்பி மாட்டு. அதற்கென்று ‘ரிவர்ஸ் ரிங்’ என்ற வளையம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு பக்கம் கேமராவில் பூட்டிக்கொள்ளும். மறுபக்கம் லென்ஸின் முன்வாயில் திருகிக்கொள்ளும். லென்ஸ் முகப்பில் 52 (வாயின் விட்டம், மி.மீ.) என்று போட்டிருக்கிறதா பார்த்து, அதே அளவில் வாங்கு.

முதலில் ஜூமை 55-ல் வைத்தே பழகு. ஒரு தேனீ முழுசாக அடங்கும். 18-க்குக் கொண்டுபோனால் ஒரு முசுறு எறும்பே படச்சட்டத்தை நிரப்பிவிடும். ஆனால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிசாகத் தெரியும்.

திருப்பி மாட்டியபின் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கேமரா வெளிச்சத்தையும் அளக்காது. ‘எம்’ (மேனுவல்) முறையில் வைத்து எல்லாம் நீயே பார்க்க வேண்டும். லென்ஸின் பின்புறம் ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும். அதைச் சும்மா விட்டால் வெளிச்சம் நுழையும் துவாரம் மூடிக்கொண்டு எதுவும் தெரியாது. மடித்த காகிதத் துண்டைச் செருகிப் பாதி திறந்து வை. பழைய 50 மி.மீ. எஃப்1.8 ‘டி’ லென்ஸ் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. துவாரத்தைத் திருகி மாற்ற அதில் தனி வளையம் உண்டு. நான் இன்றும் கையில் எடுப்பது அதைத்தான்.

ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்காதே. முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சை அடக்கி, உடம்பையே ஒரு நூல் முன்னும் பின்னும் அசை. பூச்சியின் கண் தெளிவாகத் தெரிந்த நொடியில் அமுக்கு. இவ்வளவு கிட்டத்தில் துவாரத்தை எஃப்8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழுகிற ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதனால் கண்ணை மட்டும் பிடி. காலும் இறகும் மங்கினால் மங்கட்டும்.

அடுத்தது வெளிச்சம். கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் போதும், ஷட்டரை 1/200 நொடி வேகத்தில் வை. ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு மாட்டினால் ஃபிளாஷ் வெளிச்சம் அதில் பட்டுப் பரவி மென்மையாக விழும். மினுமினுக்கிற வண்டின் முதுகுக்கு இது இல்லாமல் ஆகாது.

கேள்வி: என் போனில் ‘மேக்ரோ’ என்று தனி கேமரா இருக்கிறது. படம் மசமசவென்று வருகிறதே? (இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: விலை குறைந்த போன்களில் அது பெரும்பாலும் 2 மெகாபிக்சல்தான். அதை மறந்துவிடுங்கள். முதன்மைக் கேமராவில் 2 மடங்கு ஜூம் வைத்து, ஃபோகஸ் விழுகிற தூரம் வரை பின்வாங்கி எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். செம்பருத்திக்கும் தட்டானுக்கும் இதுவே தாராளம்.

கேள்வி: கிட்டே போனாலே வண்ணத்துப்பூச்சி பறந்துவிடுகிறது. பிடித்து ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் அசையாது என்கிறார்களே? (பிளஸ் டூ மாணவர், தென்காசி)

பதில்: வேண்டாம் தம்பி. தயவுசெய்து வேண்டாம். உறைந்துபோன உயிரைப் பூவில் ஒட்டிவைத்து எடுப்பது படமே இல்லை. காலும் உணர்கொம்பும் இயல்பாக இருக்காது. பூச்சிகளைத் தெரிந்தவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நீ தேடுகிற குளிர்ச்சியை விடியற்காலை சும்மாவே தருகிறது. வெயில் பட்டு மார்புத் தசை சூடேறும்வரை வண்ணத்துப்பூச்சியால் பறக்க முடியாது. சாயங்காலமே அது எந்தச் செடியில் அடைகிறது என்று பார்த்து வைத்துக்கொள். மறுநாள் பொழுது புலரும்போது பனித்துளியோடு அங்கேயே இருக்கும். முதல் வெயிலில் இறகை விரித்துக் காயும் பார், அதுதான் உன் நேரம். நிழல் மேலே விழாமல், தாழ்ந்து, பக்கவாட்டில் போ.

செடியைப் படித்தால் பூச்சி தானாகக் கிடைக்கும். ஊர் எல்லையில் ஒரு எருக்கஞ்செடி போதும்: வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிட வரும், பெரிய கரிய தச்சுத்தேனீ பூவுக்கு வரும். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள், ஆபத்து. வீட்டுக் கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் உற்றுப் பார். எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம், வளர்ந்தபின் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு நீட்டும். படத்துக்காக அதைச் சீண்டாதே, அது பயத்தில் செய்வது. தட்டான் பறந்துபோனால் துரத்தாமல் நில். பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும்.

கேள்வி: தும்பைப்பூ எடுத்தால் வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறது. (வாசகர், விருதுநகர்)

பதில்: பின்னால் இருக்கும் கரும்பச்சையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 1-க்கு இறக்குங்கள். உச்சிவெயிலைத் தவிர்த்து மேகமூட்டத்தில் எடுத்தால் இதழின் மயிரிழைகூடத் தெரியும்.