உழவர் கேள்வி பதில்: ஐப்பசி அடைமழையில் வயலும் கொட்டகையும்

நட்டு 25 நாளான சம்பாப் பயிர் நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்து இப்போதுதான் தலை தெரிகிறது. பயிர் வெளிறி மஞ்சளாக இருக்கிறது. யூரியா போடலாமா?
– வாசகர், நீடாமங்கலம்

இன்றைக்கு வேண்டாம். மஞ்சளைக் கண்டதும் யூரியா மூட்டையைத் தூக்குவது டெல்டாவில் ஊறிப்போன பழக்கம். மூழ்கிய பயிரின் வேர் காற்றில்லாமல் முடங்கியிருக்கும்; உரத்தை எடுக்கும் தெம்பு அதற்கு இருக்காது. நீங்கள் போடுவது வடிகிற தண்ணீரோடு வடிவாய்க்காலுக்குப் போய்ச் சேரும்.

முதலில் தண்ணீரைச் சுத்தமாக வடியுங்கள். வடிவாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் வரப்பை எத்தனை இடத்தில் வெட்டினாலும் பயனில்லை. வடிந்த பிறகு ஒரு குத்தை, அதாவது ஓரிடத்தில் நட்ட பயிர்க் கொத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் கறுத்து, அழுகின முட்டை வாடை அடித்தால் வயல் இன்னும் காய வேண்டும். வெள்ளை வேர் புதிதாக விட்டிருந்தால் பயிர் தேறிவிட்டது.

வேர் தேறும் வரை இலை வழியாகக் கொடுக்கலாம். ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மழை இல்லாத மாலையில் கைத்தெளிப்பானால் அடியுங்கள். ஒரே வேலையாக முடியட்டும் என்று மணிச்சத்து உள்ள டிஏபி உரக் கரைசலை இதில் ஊற்றிவிடாதீர்கள். துத்தநாகமும் மணிச்சத்தும் சேர்ந்து அடியில் படிந்துவிடும். இரண்டுமே பயிருக்குக் கிடைக்காது.

வெள்ளை வேர் தெரிந்த பிறகு மேலுரம் போடலாம். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவுங்கள். வயலில் சேறு மட்டும் இருக்கட்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. கரைந்துபோன குத்துகளுக்கு வெளியில் நாற்று தேட வேண்டாம். அதே வயலில் நன்றாகத் தூர் கட்டிய குத்துகளைப் பிரித்துப் பாடுவாசி, அதாவது பயிர் போன இடத்தை நிரப்பினால் வயது ஒத்துப்போகும், அறுப்பும் ஒன்றாக வரும்.

இலை நுனியிலிருந்து ஓரம் காய்ந்து வருகிறது. சத்துக் குறைவா, நோயா?
– வாசகர், பாபநாசம்

தழைச்சத்துக் குறைந்தால் அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளுக்கும். நீங்கள் சொல்வதுபோல் நுனியில் தொடங்கி, இரண்டு ஓரமும் அலை அலையாகக் காய்ந்து இறங்கினால் பாக்டீரியா இலைக்கருகலாக இருக்கலாம். காய்ந்த பகுதியும் பச்சையும் சேரும் இடத்தில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் விடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல் இழை இறங்கினால் அதுவேதான்.

அப்படியானால் யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடக்கூட இந்த நோய்க்குக் கொண்டாட்டம். ஏக்கருக்கு 40 கிலோ புதுச் சாணத்தை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, துணியில் இரண்டு முறை வடிகட்டித் தெளியுங்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. சரியாக வடிகட்டாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். இந்த வயல் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய விடாதீர்கள், நோயும் கூடவே போகும்.

மழைக்குப் பின் மேயவிட்டோம். நல்ல கொழுத்த குட்டி ஒன்று துள்ளி விழுந்து செத்துவிட்டது. மற்ற ஆடுகளை எப்படிக் காப்பது?
– வாசகர், ஒரத்தநாடு

கொழுத்த குட்டி, மழைக்குப் பின் தளிர்ப்புல், திடீர்ச் சாவு என்றால் முதல் சந்தேகம் துள்ளுமாரிதான்; குடலில் கிருமி பெருகி நஞ்சு கக்குவதால் வரும் நோய் அது. உறுதி செய்ய, அடுத்து ஏதாவது செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதியுங்கள். தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். முதன்முறை போடும் குட்டிக்கு மூன்று நாலு வாரத்தில் இரண்டாவது ஊசியும் உண்டு. பலர் விடுவது அதைத்தான்.

பசியோடு தளிர்ப்புல்லில் இறக்காதீர்கள். காலையில் கடலைக்கொடியோ வைக்கோலோ கொஞ்சம் போட்டு, பனி உலர்ந்த பிறகு ஓட்டுங்கள். ஈரப் புல்லின் நுனிக்குக் குடற்புழுவின் இளம்புழு ஏறி நிற்கும். வாய்க்கால் ஓரப் புல்லில் நத்தை இருந்தால் தட்டைப்புழுவும் வரும். புழு மருந்தை ஆட்டை எடைபோட்டுக் கொடுங்கள். கண்மதிப்பில் குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிப்போகும். சினை ஆடு இருந்தால் மருந்து வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் இளஞ்சினைக்கு ஆகாது.

கறவை மாட்டுக்கு மழைக்காலத்தில் மடிவீக்கம் அடிக்கடி வருகிறதே?
– வாசகர், மன்னார்குடி

கறந்த பிறகு அரைமணி நேரம் காம்புத் துவாரம் மூடாது. அந்நேரம் மாடு சாணி ஈரத்தில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். கறந்து முடித்ததும் தீவனத்தை வையுங்கள், நின்று தின்னும். வீக்கம் தொடங்கியவுடன் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்து, பாலைச் சுத்தமாகக் கறந்துவிட்டு மடி முழுவதும் பூசுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். காய்ச்சல் இருந்தாலோ மாடு தீவனம் எடுக்காவிட்டாலோ அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.